கால் பெருவிரல் மூட்டைக் கெடுக்கும் தவறுகள்

நாங்கள் ஆடிய நாட்களில் செய்த அதே அபத்தங்களை, இன்று வாடகை டர்ஃப்களில், அதாவது செயற்கைப் புல் மைதானங்களில், ஆட வரும் பிள்ளைகளும் செய்கிறார்கள். உடலைச் சூடேற்றாமல் இறங்குவது, நகம் வெட்டாமல் வருவது பற்றியெல்லாம் இங்கே பேசப்போவதில்லை.

ஷூவை மடக்கிப் பார்த்து வாங்குவது

இதைப் பார்த்தால் இன்னும் எரிச்சல் வருகிறது. கடையில் ஷூவை இரண்டாக மடித்து, எவ்வளவு மெத்தென்று இருக்கிறது என்று மகிழ்ந்து போகிறார்கள். அடிப்பாகம் அப்படி மடங்கினால், உள்ளே பெருவிரலைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. முன்பாதம் தரையில் ஊன்றி, குதிகால் தூக்கியிருக்கும்போது பின்னாலிருந்து ஒருவர் காலின்மேல் விழுந்தால் போதும். விரல் அளவுக்கு மீறி மேலே வளைந்து, மூட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த திசு கிழியும். ‘டர்ஃப் டோ’ என்று பெயர். 1976-இல் மேற்கு வர்ஜீனியா பல்கலைக்கழகத்தார் அமெரிக்கக் கால்பந்து வீரர்களின் காயங்களை ஆராய்ந்து, கெட்டியான செயற்கைத் தரையும் வளைகிற ஷூவும் சேர்ந்தே இதற்குக் காரணம் என்றார்கள்.

அளவிலும் இதே கதை. என்னிடம் பயிற்சிக்கு வந்த ஒரு பையனுக்கு அகலப் பாதம். அகலம் போதவில்லை என்றதும் கடைக்காரர் நீளத்தில் ஒரு அளவு கூட்டிக் கொடுத்துவிட்டார். ‘வளர்கிற பிள்ளை, அடுத்த வருடமும் ஆகும்’ என்று அப்பாவுக்கும் திருப்தி. ஷூ நீண்டால், பெருவிரல் மூட்டை வளைக்கும் நெம்புகோலும் நீளும். மூட்டில் விழும் விசை கூடும். பையன் அந்தப் பருவத்தின் பாதியைத் திண்ணையில் கழித்தான். அகலம் வேண்டுமென்றால் அகலமான ஷூவைத்தான் தேட வேண்டும். கிடைத்த ஷூ அதிகம் வளைந்தால், உள்ளே விறைப்பான கார்பன் ஃபைபர் தகடு வைக்கலாம்.

செயற்கைப் புல்லில் நீளமான ஸ்டட் (ஷூவின் அடியில் இருக்கும் முனை)

வேண்டாம். தரையைக் கவ்விக்கொண்டு விடாது.

சுளுக்கு என்று நினைத்து உருவிவிடுவது

கிழிந்த திசுவை எண்ணெய் போட்டு இழுத்தால் இன்னும் கிழியும்.

விரல்தானே என்று ஆடுவது

பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸ் என்ற அமெரிக்கக் கால்பந்து அணியின் ஜாக் லாம்பர்ட் மூர்க்கமான ஆட்டத்துக்குப் பேர்போனவர். அவரையே 1984-இல் பட்ட பெருவிரல் காயம் ஓய்வுபெற வைத்தது. அடிப்பக்கம் கன்றிப்போய், பெருவிரலை ஊன்றி உந்த முடியவில்லை என்றால் எலும்பு மருத்துவரிடம் போய்விடுங்கள். வலியில்லாமல் விரல் 50 முதல் 60 பாகை வரை மேலே வளையும்வரை, வேகமாக ஓடவே விடமாட்டேன்.