கல்வி வலயம் முழுவதிலும் நேர்மறை நடத்தை ஆதரவு: மலையகப் பாடசாலைகளுக்கான நடைமுறை வழிகாட்டி

பிரம்பைக் கையில் எடுக்காமலே பாடசாலையை ஒழுங்காக நடத்திக் காட்டிய அதிபர்கள் மலையகத்தில் எப்போதும் இருந்திருக்கிறார்கள். ஆனால், அவர்களுக்கு இடமாற்றம் வந்த அடுத்த தவணையிலேயே பழைய வழக்கங்கள் திரும்பிவிடுவதை வலயக் கல்வி அலுவலகங்களில் பணியாற்றியோர் நன்கு அறிவர். நல்ல நடத்தையைத் தண்டனையால் அல்லாமல் கற்பித்தும் பாராட்டியும் வளர்க்கும் நேர்மறை நடத்தை ஆதரவைத் தனியொரு பாடசாலையின் முயற்சியாக விட்டுவிடாமல் வலயத்தின் முறைமையாக நிறுவ வேண்டியதற்கு இதுவே முதற் காரணம். ஆகவே, கீழே கூறப்படும் ஒவ்வொரு படியையும் திட்டமிடும்போது, இதைச் செய்பவர் அடுத்த ஆண்டு வேறு கோட்டத்துக்குப் போய்விட்டாலும் இது நடக்குமா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்த முறைமை 1990களில் அமெரிக்காவின் ஒரிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த ஆய்வாளர்களான ஜோர்ஜ் சுகாய், ரொப் ஹோர்னர் போன்றோரின் பணியால் உருப்பெற்றது. இன்று அந்நாட்டில் 25,000க்கும் மேற்பட்ட பாடசாலைகளில் வழக்கில் உள்ளது. அது மூன்று அடுக்குகளைக் கொண்டது. எல்லா மாணவருக்கும் பொதுவான கற்பித்தலும் பாராட்டும் முதல் அடுக்கு. அது போதாத சிலருக்குச் சிறு குழுவாக அளிக்கும் உதவி இரண்டாம் அடுக்கு. மிகச் சிலருக்குத் தனித்தனியாக வகுக்கும் திட்டம் மூன்றாம் அடுக்கு. ஏறத்தாழ 80 வீதமானோருக்கு முதல் அடுக்கே போதும் என்றும், 15 வீதமானோருக்கு இரண்டாவதும் 5 வீதமானோருக்கு மூன்றாவதும் தேவைப்படும் என்றும் சொல்வது வழக்கம். இவை வழிகாட்டும் அளவுகளே. ஒரு தோட்டப் பாடசாலையில் பாதிப் பேருக்கு இரண்டாம் அடுக்கு தேவை என்று தோன்றினால், பிள்ளைகளைப் பற்றி முடிவு கட்டுவதற்கு முன் முதல் அடுக்கு அங்கு உண்மையில் நடக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நமது நாடான இலங்கையில் இதற்கான அடித்தளம் ஏற்கெனவே உண்டு. உடல்ரீதியான தண்டனையைக் கல்வி அமைச்சின் 2005/17ஆம், 12/2016ஆம் இலக்கச் சுற்றுநிருபங்கள் தடைசெய்துள்ளன. ஆசிரியர் அறைந்ததால் செவிப்புலன் பாதிக்கப்பட்ட மாணவன் தொடர்பான வழக்கில், அத்தகைய தண்டனை சித்திரவதையையும் இழிவான நடத்துகையையும் தடுக்கும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரையை மீறுவதாக 2021இல் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பிரம்பு போன பின் நாற்பது பேர் கொண்ட வகுப்பை எப்படி நடத்துவது என்ற ஆசிரியரின் கேள்விக்குச் சுற்றுநிருபத்தில் மட்டும் விடை கிடைத்துவிடாது. அந்த விடையைப் பயிற்சியாகக் கொண்டு சேர்ப்பது வலயத்தின் பொறுப்பு.

முதலில் வலயத்தில் ஒரு வழிநடத்தல் குழுவை அமைக்க வேண்டும். வலயக் கல்விப் பணிப்பாளரோ அவர் அதிகாரமளித்த பிரதிக் கல்விப் பணிப்பாளரோ அதற்குத் தலைமை தாங்குவது அவசியம். நேர அட்டவணையையும் நிதியையும் தீர்மானிக்க முடியாதவரிடம் தலைமையை ஒப்படைத்தால் குழு கூட்டக் குறிப்போடு நின்றுவிடும். கோட்டக் கல்விப் பணிப்பாளர்கள், விசேட கல்விக்கும் ஆலோசனை வழிகாட்டலுக்கும் பொறுப்பான உத்தியோகத்தர்கள், ஆசிரிய ஆலோசகர்கள் ஆகியோரோடு, உயர்தர விஞ்ஞானப் பிரிவுடைய 1ஏபி பாடசாலையிலிருந்து ஓர் அதிபரும், கீழ் வகுப்புகளை மட்டும் கொண்ட வகை 3 தோட்டப் பாடசாலையிலிருந்து ஓர் அதிபரும் அதில் இருக்கட்டும். வலயத்தில் சிங்கள மொழிமூலப் பாடசாலைகளும் இருப்பதால், படிவங்கள் தொடக்கத்திலேயே இரு மொழிகளிலும் தயாராக வேண்டும். கிடைக்கும் முதற் பணத்தைக் குத்துவிளக்கு, பதாகை, சிற்றுண்டி என்று தொடக்க விழாவில் கரைத்துவிடாமல், பயிற்சிக்கும் பாடசாலைகளுக்குச் சென்று வழிகாட்டுவோரின் பயணச் செலவுக்கும் ஒதுக்குவது நல்லது. ஹற்றன், நுவரெலியா வலயங்களுக்குப் பத்தனை ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி எட்டும் தூரத்தில் இருப்பதால், அங்குள்ள ஆசிரிய பயிலுநர்களுக்கும் இதை அறிமுகப்படுத்துமாறு கேட்கலாம்.

முதலாண்டில் வலயத்தின் எல்லாப் பாடசாலைகளையும் சேர்க்க முயல வேண்டாம். அளவிலும் தூரத்திலும் வேறுபட்ட ஐந்தாறு பாடசாலைகள் போதும். ஒவ்வொன்றிலும் ஆசிரியர்களில் குறைந்தது 80 வீதத்தினர் சம்மதிக்கிறார்களா என்பதை இரகசிய வாக்கெடுப்பின் மூலம் அறிய வேண்டும். அதிபர் முன்னிலையில் கையுயர்த்தச் சொன்னால் எல்லாக் கைகளும் உயரும். வகுப்பறைக்குள் ஒன்றும் மாறாது.

அடுத்து, பாடசாலை எதிர்பார்க்கும் நடத்தையை மூன்று முதல் ஐந்து வரையான சொற்றொடர்களில் வகுக்க வேண்டும்: மதிப்போம், பொறுப்பேற்போம், பாதுகாப்பாயிருப்போம் என்பவை போல. இவை சுவரில் எழுதப்படுவதோடு நின்றுவிட்டால் பயனில்லை. நுழைவாயில், வகுப்பறை, குழாயடி, மலசலகூடம், மலைப்பாதை, பஸ் தரிப்பிடம் என ஒவ்வோர் இடத்திலும் அவை எந்தச் செயலாக வெளிப்படும் என்பதை ஓர் அட்டவணையாக எழுத வேண்டும். இடைவேளையில் குழாயடியில் நெரிசலும் சண்டையும் வருகின்றனவென்றால், அங்கு மதிப்போம் என்பது சிறியவர்களுக்கு முதலில் இடம்விடுவது. பொறுப்பேற்போம் என்பது போத்தல் நிரம்பியதும் குழாயை மூடுவது. பாதுகாப்பாயிருப்போம் என்பது ஈரச் சீமெந்துத் தரையில் ஓடாமல் நடப்பது. தரம் 6 மாணவரைக் குழாயடிக்கே அழைத்துச் சென்று, ஆசிரியர் செய்து காட்டி, அவர்களையும் செய்ய வைத்து, கணிதப் பாடத்தைக் கற்பிப்பதைப் போலவே இதையும் கற்பிக்க வேண்டும். தவணைத் தொடக்கத்திலும், நீண்ட விடுமுறைக்குப் பின்னரும், அடைமழைக் காலத்தில் பிள்ளைகள் வகுப்புக்குள்ளேயே அடைந்து கிடக்கும் நாட்களிலும் மீண்டும் கற்பிப்பது தேவைப்படும்.

பாராட்டு, பொதுவான புகழ்ச்சியாக இல்லாமல் செயலைச் சுட்ட வேண்டும். கெட்டிக்காரன் என்பதை விட, தம்பிக்கு வரிசையில் இடம்விட்டாய், நன்று என்று சொல்வதே பிள்ளைக்குப் புரியும். ஒரு திருத்தத்துக்கு நான்கைந்து பாராட்டு என்பது பரிந்துரைக்கப்படும் விகிதம். விலையுயர்ந்த பரிசுகள் தேவையில்லை. சிறு சீட்டும் காலைக் கூட்டத்தில் ஒரு கைதட்டலும் போதும். யாருக்குச் சீட்டுகள் போகின்றன என்பதை மாதந்தோறும் பார்ப்பது முக்கியம். முன்வரிசைப் பிள்ளைகளும் டவுன் பிள்ளைகளும் அவற்றை வாங்கிக் குவிக்க, தோட்டத்து லயன் குடியிருப்பிலிருந்து வரும் பின்வரிசைப் பிள்ளைக்கு ஒன்றும் கிடைக்கவில்லையென்றால், அந்தப் பாடசாலை பழைய பாகுபாட்டுக்குப் புதிய சீட்டு அச்சடித்திருக்கிறது என்றே கொள்ள வேண்டும்.

பதிவுதான் இந்த முறைமையின் உயிர்நாடி. பிரதி அதிபரின் மேசையிலுள்ள சம்பவத் திரட்டுப் புத்தகத்தில், ஒழுங்கீனமாக நடந்துகொண்டான் என்று எழுதப்பட்டிருப்பதிலிருந்து எதையும் அறிய முடியாது. யார், எந்த இடத்தில், எத்தனை மணிக்கு, என்ன செய்தார், அதன் பின் என்ன நடந்தது, அதனால் அவருக்கு என்ன கிடைத்தது அல்லது எதிலிருந்து தப்பினார் என்பவற்றைக் கொண்ட அரைப்பக்கப் படிவம் வலயமெங்கும் ஒன்றாகவே இருக்கட்டும். எவற்றை வகுப்பாசிரியரே கையாள்வது, எவற்றை அலுவலகத்துக்கு அனுப்புவது என்பதையும் முன்கூட்டியே வரையறுக்க வேண்டும்.

தாமத வருகையை எடுத்துக்கொள்வோம். பாடசாலை 7.30க்குத் தொடங்குகிறது, பிந்தி வருவோர் நுழைவாயிலில் நிறுத்தப்பட்டு, முதலாம் பாடவேளை முடிந்த பின்னரே வகுப்புக்கு அனுப்பப்படுகிறார்கள். ஒரு மாதப் படிவங்களை அடுக்கிப் பார்த்தால் இருவகைப் பிள்ளைகள் தெரியக்கூடும். ஒரு வகையினர் தொலைவிலுள்ள ஒரே தோட்டப் பிரிவைச் சேர்ந்தவர்கள். தாய் கொழுந்து பறிக்க மலைக்கு இறங்கிய பின் தம்பி தங்கையைத் தோட்டத்தின் சிறுவர் பராமரிப்பு நிலையமான பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டு வருபவர்கள். மற்றவர்கள், முதலாம் பாடவேளையில் கணிதம் உள்ள நாட்களில் மட்டும் பிந்துபவர்கள். முதல் வகையினருக்குத் தண்டனை பொருந்தாது; தோட்ட நிர்வாகத்தோடு பேசிப் பிள்ளைக் காம்பராவைச் சற்று முன்னதாகத் திறக்கச் செய்வதே தீர்வாகலாம். இரண்டாம் வகையினருக்கோ நுழைவாயிலில் நிறுத்துவது தண்டனையே அல்ல; அவர்கள் தேடிய விடுதலையை நாமே கொடுக்கிறோம். அவர்களை உடனே வகுப்புக்கு அனுப்பி, கணிதத்தில் எங்கே தடுமாறுகிறார்கள் என்று பார்த்து உதவ வேண்டும். பாடசாலைக் குழு இரு வாரங்களுக்கு ஒருமுறை, ஒரு பாடவேளையளவு கூடி, இப்படிப் படிவங்களைப் படிக்க வேண்டும்; அந்தப் பாடவேளையை நேரசூசியிலேயே குறித்துவிட வேண்டும்.

இரண்டாம் அடுக்குக்குக் காலைச் சந்திப்பும் மாலைச் சந்திப்பும் எளிய வழி. பிள்ளை காலையில் தான் விரும்பும் ஓர் ஆசிரியரைச் சந்தித்து அட்டையைப் பெறும். ஒவ்வொரு பாடவேளை முடிவிலும் புள்ளி பெறும். வீடு செல்லுமுன் அதே ஆசிரியரிடம் காட்டும். 80 வீதப் புள்ளிகள் வழமையான இலக்கு. அட்டையில் பெற்றோர் ஒப்பம் கேட்பதில் நெகிழ்வு வேண்டும். தாய் மத்திய கிழக்கிலும் தந்தை கொழும்பிலும் இருக்க, பாட்டியிடம் வளரும் பிள்ளைகள் பலர். மூன்றாம் அடுக்குத் திட்டத்தை ஆலோசனை ஆசிரியர், வகுப்பாசிரியர், குடும்பத்தினர் சேர்ந்தே வகுக்க வேண்டும். துஷ்பிரயோகம் நிகழ்ந்ததாகச் சந்தேகம் எழுமிடத்து எந்த அடுக்குக்கும் காத்திராமல், 1929 என்ற சிறுவர் உதவி இலக்கத்துக்கும் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தருக்கும் அறிவிக்க வேண்டும்.

பெற்றோரிடமிருந்து எதிர்ப்பு வரும். அது அன்பினாலேயே வரும். கண்ணை மட்டும் விட்டுவிட்டு அடியுங்கள் சேர் என்று சொல்லிப் பிள்ளையை ஒப்படைப்பது இங்கு ஆசிரியருக்குத் தரும் மரியாதையாகவே கருதப்பட்டு வந்துள்ளது. அவர்களுக்கு விரிவுரை நிகழ்த்துவதை விட, குழாயடி அட்டவணையையும் பிள்ளை வாங்கிய சீட்டையும் காட்டிப் பேசுவது பயன் தரும். வேலைநாளில் கூட்டம் வைத்தால் தாய்க்கு ஒரு பேர், அதாவது ஒருநாள் சம்பளம், போய்விடும். ஞாயிற்றுக்கிழமையில், தோட்டத்துக் கோயில் மண்டபத்தில், தொழிற்சங்கத்தின் தோட்டத் தலைவரையும் அழைத்து வைத்தால் வருவார்கள்.

ஆண்டுக்கு ஒருமுறையேனும் நடைமுறை எவ்வளவு சரியாக நடக்கிறது என்பதை அளக்க வேண்டும். அமெரிக்காவில் பரவலாகப் பயன்படும் மதிப்பீட்டுக் கருவியில் முதல் அடுக்குக்கு 15 கூறுகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை புள்ளிகள். 70 வீதத்தை எட்டினால் முறைமை ஊன்றியதாகக் கொள்வர். ஆசிரிய ஆலோசகர் ஒருவர் வளவைச் சுற்றிவந்து, குறைந்தது பத்து மாணவரிடமும் ஐந்து ஆசிரியரிடமும் எதிர்பார்ப்புகள் எவை என்று கேட்டாலே உண்மை நிலை தெரிந்துவிடும். 70 வீதத்தை எட்டிய பாடசாலையின் ஆசிரியர்களைக் கொண்டே அடுத்த தொகுதிப் பாடசாலைகளுக்குப் பயிற்சியளிக்கலாம். அட்டவணை, படிவங்கள், குழுவின் கூட்டக் குறிப்புகள், நடப்பாண்டுத் திட்டம் ஆகியவை அடங்கிய கோவையொன்று ஒவ்வொரு பாடசாலையிலும் இருக்க வேண்டும். அதன் பிரதி கோட்ட அலுவலகத்திலும் இருக்கட்டும். அதிபர் இடமாற்றம் பெறும்போது, தளபாடப் பதிவேட்டோடும் கணக்குப் புத்தகங்களோடும் இக்கோவையையும் கையளித்து, பொறுப்பேற்கும் அதிபரிடம் ஒப்பம் பெறுமாறு வலயக் கல்விப் பணிப்பாளர் எழுத்தில் பணிக்க வேண்டும். புதியவர் வந்த முதல் மாதத்துக்குள் வழிநடத்தல் குழுவின் உறுப்பினர் ஒருவர் அங்கு சென்று, அவரோடு ஒரு குழுக் கூட்டத்தில் அமர வேண்டும்.