ஈறு நோய் முற்றிய நிலையில் கிருமிநாசினி மவுத்வாஷைப் பயன்படுத்தும் முறை

ஈறு நோய் முற்றியவர்கள் மவுத்வாஷ் பாட்டிலைக் கையில் எடுப்பதற்கு முன், அது வாயில் எதுவரை சென்றடையும் என்பதை அறிந்துகொள்ள வேண்டும். நலமான ஈறுக்கும் பல்லுக்கும் இடையிலுள்ள பள்ளம் 1 முதல் 3 மில்லிமீட்டர் ஆழமே இருக்கும். நோய் முற்றும்போது அதே பள்ளம் 6 மில்லிமீட்டரையும் தாண்டி, பல் மருத்துவர்கள் பாக்கெட் என்று குறிப்பிடும் பையாக மாறிவிடுகிறது. கொப்பளிக்கும் நீர் ஈறின் ஓரத்தைக் கடந்து ஓரிரு மில்லிமீட்டர் இறங்குவதே அரிது. பையின் அடியில், பல்வேரை ஒட்டி இறுகிய பற்காரையும் அதன்மேல் படலமாகப் படிந்த கிருமிகளும் கருவிகொண்டு சுரண்டி எடுத்தால்தான் அகலும். ஆகவே முதலில் பல் மருத்துவரிடம் ஆழ்சுத்தம் செய்துகொள்ளுங்கள். மவுத்வாஷ் அதற்குத் துணை மருந்தே. இந்த வரிசையைத் தலைகீழாக்கி, இரத்தக் கசிவு நின்றதும் நோயும் போயிற்று என்று இருந்துவிடுபவர்கள்தாம் பின்னர் பல்லை இழக்கிறார்கள்.

சுத்தம் செய்த பின் சில நாட்களுக்கு ஈறு புண்ணாக இருப்பதால் சரியாகப் பல் துலக்க முடியாது. அந்த இடைவெளியில்தான் குளோர்ஹெக்சிடின் என்னும் கிருமிநாசினி கலந்த மவுத்வாஷ் மிகவும் பயன்படுகிறது. இம்மருந்து பல்லிலும் வாயின் உட்தோலிலும் ஒட்டிக்கொண்டு, பல மணி நேரம் சிறிது சிறிதாக வெளிப்பட்டுச் செயல்படுவதால், காலையும் இரவுமாக நாளுக்கு இருமுறை போதும். 0.2 சதவீதக் கரைசலானால் 10 மில்லி எடுத்து ஒரு நிமிடமும், 0.12 சதவீதமானால் 15 மில்லி எடுத்து 30 விநாடியும், பல்லிடுக்குகளில் நீர் புகும்படி கன்னங்களை அசைத்துக் கொப்பளித்துத் துப்ப வேண்டும். விழுங்கக் கூடாது. துப்பியவுடன் தண்ணீரால் வாய் கழுவினால் ஒட்டியிருந்த மருந்தும் போய்விடும் என்பதால் அரை மணி நேரம் எதையும் உண்ணாமலும் பருகாமலும் இருங்கள்.

பலரும் தவறுவது பற்பசை விஷயத்தில். பற்பசையில் நுரை வரச் சேர்க்கப்படும் சோடியம் லாரில் சல்பேட் குளோர்ஹெக்சிடினோடு பிணைந்து அதன் வீரியத்தைக் கெடுத்துவிடும். எனவே துலக்கி, வாயை நன்றாகக் கழுவி, குறைந்தது அரை மணி நேரமாவது கழித்த பின்னரே மருந்தைப் பயன்படுத்த வேண்டும்.

இரண்டு முதல் நான்கு வாரங்களுக்கு மேல் மருத்துவர் சொல்லாமல் தொடர வேண்டாம். நாள் செல்லச் செல்லப் பல்லிலும் நாக்கிலும் பழுப்புக் கறை ஏறும், சுவை மாறும், காரை படிவதும் கூடும். காபியும் தேநீரும் அதிகம் குடிப்பவர்களுக்குக் கறை விரைவில் தென்படும். அதை மருத்துவர் மெருகேற்றி நீக்கிவிடுவார், மருந்தை நிறுத்தியதும் சுவையும் திரும்பிவிடும். ஆனால் அரிதாக ஒவ்வாமை கடுமையாக வருவதுண்டு. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ உடனே மருந்தை நிறுத்தி அவசர சிகிச்சைக்குச் செல்லுங்கள்.

நீண்ட நாள் தேவைப்படுவோருக்கு செட்டில்பிரிடினியம் குளோரைடு அல்லது நறுமண எண்ணெய்கள் கலந்த மவுத்வாஷை மருத்துவர் பரிந்துரைக்கக்கூடும். அவற்றின் வீரியம் குளோர்ஹெக்சிடினைவிடக் குறைவு, கறையும் குறைவு. போவிடோன் அயோடின் என்னும் மற்றொரு கிருமிநாசினியைத் தைராய்டு கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் அயோடின் ஒவ்வாமை உடையவர்களும் தாமாகத் தொடக்கூடாது. ஆழமான பைகளுக்குள் மருந்து செல்ல வேண்டுமானால், மருத்துவரே மழுங்கிய முனையுள்ள ஊசிக்குழாயால் அலசுவார், அல்லது குளோர்ஹெக்சிடின் கலந்த மெல்லிய தகட்டைப் பைக்குள் வைத்துவிடுவார்.

கொப்பளிப்பதற்காகப் பல்லிடுக்குப் பிரஷைக் கைவிட்டுவிடாதீர்கள். புகைப்பதும் கட்டுக்குள் இல்லாத சர்க்கரை நோயும் இருக்கும்வரை எந்த மருந்தும் முழுப்பலன் தராது. ஈறிலிருந்து சீழ் வந்தாலோ, பல் அசைவு கூடினாலோ, வீக்கத்துடன் காய்ச்சல் கண்டாலோ காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள். அப்படி எதுவும் இல்லாவிட்டாலும், சில வாரங்கள் கழித்துச் சென்று பைகளின் ஆழத்தை மீண்டும் அளந்து பார்க்கச் சொல்லுங்கள்.