தனிமமா, சேர்மமா, கலவையா: ஒரு பொருளை வகைப்படுத்தும் முறை

வேதியியலைப் புதிதாகப் படிக்கத் தொடங்கும் மாணவரிடம் ஒரு பொருளைக் கொடுத்து அது தனிமமா, சேர்மமா, கலவையா என்று கேட்டால், பெரும்பாலும் அதன் தோற்றத்தைப் பார்த்தே விடை சொல்லிவிடுகிறார். தெளிவாகவும் ஒரே சீராகவும் இருப்பது தூய பொருள், கலங்கலாக இருப்பது கலவை என்பது அவர் எண்ணம். இந்தப் பழக்கத்தை முதலில் விட்டுவிட வேண்டும். காய்ச்சி வடித்த நீரையும் உப்புக் கரைசலையும் இரண்டு முகவைகளில் அருகருகே வைத்தால் கண்ணால் பார்த்து எது எது என்று சொல்ல முடியாது. ஆயினும் முன்னது சேர்மம், பின்னது கலவை. ஒரு பொருள் எந்த வழியில் பிரிகிறது, அல்லது எந்த வழியிலும் பிரிய மறுக்கிறது என்பதை வைத்தே அதன் வகையை முடிவு செய்ய வேண்டும்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது: புதிய பொருள் எதுவும் உண்டாகாமல், வடிகட்டுதல், ஆவியாக்குதல், காய்ச்சி வடித்தல், காந்தத்தால் இழுத்தல், வண்ணப்பிரிகை (கரைப்பான் தாளில் ஊறி ஏறும்போது கூறுகள் தனித்தனியாகப் பிரிதல்) போன்ற இயற்பியல் முறைகளால் இதைப் பிரிக்க முடியுமா? முடியுமானால் அது கலவை. பிரித்துப் பார்க்க வசதி இல்லாதபோது வெப்பநிலைமானி உதவும். இயல்பான வளிமண்டல அழுத்தத்தில் தூய நீர் 100 டிகிரி செல்சியசில் கொதிக்கத் தொடங்கி, கடைசிச் சொட்டு ஆவியாகும் வரை அதே வெப்பநிலையில் நிற்கும். உப்புக் கரைசலோ 100 டிகிரிக்குச் சற்று மேலே கொதிக்கத் தொடங்கி, நீர் குறையக் குறைய, கரைசல் செறிவடைவதால், இன்னும் மேலே ஏறிக்கொண்டே போகும்.

கலவை என்று உறுதியானதும் அது ஒருபடித்தானதா, பலபடித்தானதா என்று பார்க்க வேண்டும். எந்தப் பகுதியை எடுத்தாலும் இயைபு, அதாவது அதிலுள்ள பொருள்களின் விகிதம், ஒன்றாகவே இருந்தால் ஒருபடித்தானது. இடத்துக்கு இடம் மாறினால் பலபடித்தானது. தூசி நீக்கிய உலர்ந்த காற்று ஒருபடித்தான கலவை. அதன் கன அளவில் ஏறத்தாழ 78 விழுக்காடு நைட்ரஜன், 21 விழுக்காடு ஆக்சிஜன், மீதியில் பெரும்பகுதி ஆர்கான். காற்றைத் திரவமாக்கிச் சூடேற்றினால், நைட்ரஜன் -196 டிகிரியிலும் ஆக்சிஜன் -183 டிகிரியிலும் கொதிப்பதால், ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தெடுக்க முடிகிறது. பித்தளையும் ஒருபடித்தானதே, தாமிரமும் துத்தநாகமும் பல்வேறு விகிதங்களில் சேர்ந்த கலவை அது.

இயற்பியல் முறைகளுக்குப் பிடிகொடுக்காத தூய பொருளாக இருந்தால் அடுத்த கேள்விக்குச் செல்லலாம்: வேதி வினையால் இதை எளிய பொருள்களாகச் சிதைக்க முடியுமா? முடிந்தால் சேர்மம். 1800ஆம் ஆண்டில் ஆங்கிலேயர்களான நிக்கல்சனும் கார்லைலும் நீரில் மின்சாரத்தைச் செலுத்தி அதை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரித்தனர். கன அளவில் 2:1 என்றும், நிறையில் 1:8 என்றும் அவை கிடைக்கின்றன. நீர் எந்த ஊற்றிலிருந்து வந்தாலும், எந்த வினையில் உருவானாலும், தூய்மையாக இருக்கும் வரை இந்த விகிதம் மாறுவதில்லை. கலவைக்கு இத்தகைய கட்டுப்பாடு கிடையாது.

இந்த வேறுபாட்டை நேரில் காண, இரும்பும் கந்தகமும் சேரும் சோதனையைப் போல உதவுவது வேறில்லை என்பேன். 7 பங்கு இரும்புத் தூளையும் 4 பங்கு கந்தகப் பொடியையும் எடையிட்டு நன்கு கலந்தால் சாம்பல் கலந்த மஞ்சள் நிறப் பொடி கிடைக்கும். காந்தத்தை ஒரு தாளில் சுற்றி அதன் மேலாக நகர்த்தினால் இரும்புத் துகள்கள் தாளில் மயிர்க்கால்கள் போலக் குத்திட்டு நிற்கும். மஞ்சள் பொடி கீழேயே தங்கிவிடும். அதே கலவையைச் சோதனைக் குழாயில் இட்டு, காற்றோட்டமுள்ள இடத்தில், ஆசிரியரின் மேற்பார்வையில் அடிப்பகுதியைச் சூடேற்றினால் ஓரிடத்தில் செந்தணல் தோன்றும். அப்போது சுடரை விலக்கிவிட்டாலும் தணல் தானாகவே மேல்நோக்கிப் பரவும். வினை தானே வெப்பத்தை வெளிவிடுகிறது. ஆறிய பின் கிடைக்கும் கரிய கட்டி இரும்பு சல்பைடு என்ற சேர்மம். அதில் கந்தகத்தின் மஞ்சள் நிறமும் இல்லை, இரும்பைப் போலக் காந்தத்தில் பாய்ந்து ஒட்டும் தன்மையும் இல்லை. பொடித்துப் பார்க்கும்போது சில துகள்கள் காந்தத்தில் ஒட்டினால் சோதனை தவறிவிட்டதாக எண்ண வேண்டாம். வினையில் சேராமல் மிஞ்சிய இரும்பு அது.

எந்த வினையாலும் சிதைக்க முடியாதது தனிமம் என்று வரையறுக்கும்போது ஓர் எச்சரிக்கை தேவை. பிரெஞ்சு வேதியியலாளர் லவாய்சியே 1789இல் வெளியிட்ட தனிமங்களின் பட்டியலில் சுண்ணாம்பும் இடம்பெற்றிருந்தது. அதைச் சிதைக்கும் வழி அன்று எவருக்கும் தெரியவில்லை. 1808இல் ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவி மின்னாற்பகுப்பின் (மின்சாரத்தைச் செலுத்திச் சிதைக்கும் முறை) துணையால் அதிலிருந்து கால்சியத்தைப் பெற்ற பிறகே அது சேர்மம் என்பது உறுதியாயிற்று. இன்று தனிமத்தை அணு எண்ணால், அதாவது அணுக்கருவிலுள்ள புரோட்டான்களின் எண்ணிக்கையால், வரையறுக்கிறோம். அறியப்பட்ட 118 தனிமங்களும் ஆவர்த்தன அட்டவணையில் இருப்பதால், பொருளின் பெயர் அங்கே உள்ளதா என்று பார்த்தாலே போதும்.

தேர்வுகளில், அணுக்களை வண்ண வட்டங்களாகக் காட்டும் துகள் படம் கொடுத்து வகையைக் கேட்கும்போது மிகப் பலர் ஓரிடத்தில் தடுமாறுகிறார்கள். ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்களும், கந்தக மூலக்கூறில் எட்டு அணுக்களும் இணைந்திருப்பதைக் கண்டு அவற்றைச் சேர்மம் என்று எழுதிவிடுகிறார்கள். எத்தனை அணுக்கள் இணைந்துள்ளன என்று எண்ணக் கூடாது. எத்தனை வகை அணுக்கள் என்று எண்ண வேண்டும். எல்லா வட்டங்களும் ஒரே நிறமானால் தனிமம். இரு நிற வட்டங்கள் ஒட்டி, எல்லா மூலக்கூறுகளும் ஒன்றுபோல இருந்தால் சேர்மம். வெவ்வேறு மூலக்கூறுகள் விரவிக் கிடந்தால் கலவை.

வெப்பநிலைமானியின் சாட்சியமும் சில வேளைகளில் நம்மை ஏமாற்றிவிடும். நிறையில் ஏறத்தாழ 95.6 விழுக்காடு எத்தனாலும் மீதி நீரும் கொண்ட கரைசல், தூய பொருளைப் போலவே 78.2 டிகிரியில் மாறாமல் கொதிக்கும். இதைக் கொதிநிலை மாறாக் கலவை என்பர். அழுத்தத்தை மாற்றிக் காய்ச்சி வடித்தால் எத்தனாலும் நீரும் சேரும் விகிதம் மாறிவிடுகிறது. சேர்மமாக இருந்தால் அந்த விகிதம் அசைந்திருக்காது.