ஸ்தோத்திரப் பிரசங்கத்தில் போர் வசனங்கள்: எங்கே தவறுகிறோம்?

போரில் வென்ற செய்தி வந்ததும் ஆலயத்தில் நன்றி சொல்லும் ஸ்தோத்திர ஆராதனை நடத்துவது பல நாடுகளில் பழைய வழக்கம். அன்றைக்குப் பிரசங்கியாரின் கைக்கு எளிதில் அகப்படும் வசனங்களில் ஒன்று 1 சாமுவேல் 7:12: “இம்மட்டும் கர்த்தர் எங்களுக்கு உதவிசெய்தார்.” பெலிஸ்தரை வென்றபின் தீர்க்கதரிசி சாமுவேல் நிறுத்தி, எபெனேசர் (உதவியின் கல்) என்று பெயரிட்ட கல்லைப் பற்றிய வசனம் அது. நம் ஊர்க் கிறிஸ்தவ வீடுகளின் வாசலிலும் பார்த்துப் பழகிய பெயர்.

கல்லைக் காட்டுகிறவர்கள் அதற்கு முன்பு நடந்ததை வாசிப்பதில்லை. முதல் தவறு இதுதான். அதே அதிகாரத்தில் ஜனங்கள் பாகால் என்னும் அந்நிய தெய்வங்களை விலக்கினார்கள், உபவாசித்தார்கள், பாவம் செய்தோம் என்று அறிக்கையிட்டார்கள். வெற்றி அதற்குப் பிறகே வந்தது. மூன்று அதிகாரம் பின்னே போனால் சங்கடம் இன்னும் கூடும். எபெனேசர் என்ற பெயர் முதலில் வருவதே ஒரு தோல்விக் கதையில். அங்கே பாளயமிறங்கிய இஸ்ரவேலர் பெலிஸ்தரிடம் முதலில் ஏறக்குறைய 4,000 பேரை இழந்தார்கள். தேவ பிரசன்னத்தின் அடையாளமான உடன்படிக்கைப் பெட்டியைக் கொண்டுவந்தால் போதும் என்று எண்ணி, அது வந்தபோது பூமி அதிர ஆர்ப்பரித்தார்கள். அடுத்த சண்டையில் 30,000 காலாட்கள் மடிந்தார்கள், பெட்டியும் பறிபோனது. ஆர்ப்பரிப்பைக் கண்டு மயங்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல பாடம் வேறெங்கே கிடைக்கும்? ஆனால் வெற்றி நாளில் 4-ஆம் அதிகாரத்தைத் திறக்கப் பிரசங்கியாருக்கு மனம் வராது.

காற்றையும் மழையையும் நம் கட்சியில் சேர்த்துக்கொள்வது இன்னொன்று. 1588-இல் ஸ்பெயினின் பெரும் கப்பற்படை இங்கிலாந்தைத் தாக்க வந்து, திரும்பும் வழியில் புயலில் சிதறியது. “யெகோவா ஊதினார், அவர்கள் சிதறிப்போனார்கள்” என்று பதக்கமே வார்த்தார்கள். செங்கடலில் பார்வோனின் சேனை அமிழ்ந்ததைப் பாடும் யாத்திராகமம் 15:10-இன் எதிரொலி அது. மறு ஆண்டே இங்கிலாந்து அனுப்பிய படை ஸ்பெயின், போர்ச்சுகல் கரைகளுக்குப் போய், பெரும்பாலும் நோயால் ஆயிரக்கணக்கானோரைப் பறிகொடுத்துத் தோற்றுத் திரும்பியது. 1588-இன் காற்று தேவனுடைய தீர்ப்பு என்றால் 1589 யாருடைய தீர்ப்பு? வசனத்தை வானிலை அறிக்கையாக்கினால் இந்தக் கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும்.

எனக்கு மிகவும் உறுத்துவது தெபொராளின் வெற்றிப் பாட்டான நியாயாதிபதிகள் 5-ஆம் அதிகாரத்தைக் கையாளும் விதம். போரில் துணைக்கு வராத ஊரைப் பற்றி “மேரோசைச் சபியுங்கள்” என்று சொல்லும் 23-ஆம் வசனத்தை ஆதாரமாக வைத்து, 1642 பிப்ரவரியில் ஒரு உபவாச நாளில், பியூரிட்டன் போதகர் ஸ்டீபன் மார்ஷல் இங்கிலாந்து மக்களவையின் முன் பிரசங்கித்தார். சில மாதங்களில் உள்நாட்டுப் போர் மூண்டது. அந்தப் பிரசங்கத்தை அவர் பல இடங்களில் திரும்பத் திரும்பச் செய்தார். துணைக்கு வராதவன் சபிக்கப்பட்டவன் என்று சொல்ல ஆரம்பித்தால், அடுத்த வீட்டுக்காரனே எதிரியாகிவிடுகிறான். அதே பாட்டில் ஐந்து வசனம் தள்ளி, தோற்றுச் செத்த எதிரிப் படைத்தலைவன் சிசெராவின் தாய் ஜன்னலருகே நின்று, மகனின் இரதம் ஏன் இன்னும் வரவில்லை என்று புலம்புகிறாள். பரிதாபத்துக்காக அவளை அங்கே வைக்கவில்லை என்று வாதிடலாம். மகன் கொள்ளையோடு வருவான் என்றுதான் அவளும் காத்திருக்கிறாள். இருந்தாலும் வெற்றிப் பாட்டுக்குள்ளேயே எதிரியின் தாய்க்கு இடம் இருக்கிறது. நம் பிரசங்கங்களில் அவள் வருவதே இல்லை.

சங்கீதம் 46-ஐ எடுப்பவர்கள் “அமர்ந்திருந்து, நானே தேவனென்று அறிந்துகொள்ளுங்கள்” என்ற வரியோடு நிறுத்திவிடுகிறார்கள். முந்திய வசனத்தில் அவர் வில்லை ஒடிக்கிறார், ஈட்டியை முறிக்கிறார். எதிரியின் வில்லை மட்டும் என்று அங்கே எழுதியிருக்கவில்லை. யோவான் 15:13 போர் நினைவுத் தூண்களில் அடிக்கடி செதுக்கப்படும் வசனம். அது தன் ஜீவனைக் கொடுப்பதைப் பற்றியது. பிறர் ஜீவனை எடுப்பதற்கு அதில் அனுமதி தேடக் கூடாது.

எதிர்ப்பக்கமும் இதே வேதத்தைத்தான் வாசிக்கிறது என்பதை மறப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறு. அமெரிக்க உள்நாட்டுப் போரில் தெற்கின் தலைவர் ஜெபர்சன் டேவிஸ் 1862 செப்டம்பர் 18-ஐ ஸ்தோத்திர நாளாக அறிவித்தார். வடக்கில் கெட்டிஸ்பர்க், விக்ஸ்பர்க் வெற்றிகளுக்குப் பிறகு லிங்கன் 1863 ஆகஸ்ட் 6-ஐ அறிவித்தார். அதே ஆண்டு நவம்பர் ஸ்தோத்திரத்துக்கான அறிவிப்பு நன்றி கூறுவதோடு நிற்கவில்லை. தேசத்தின் கீழ்ப்படியாமைக்காக மனம் வருந்தும்படியும், விதவைகளையும் அநாதைகளையும் தேவனிடம் ஒப்புக்கொடுக்கும்படியும் கேட்டது.

1865 மார்ச் 4-ஆம் தேதி லிங்கன் இரண்டாம் முறை அதிபராகப் பதவியேற்றபோது வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. எபெனேசரையோ செங்கடலையோ அவர் தாராளமாக எடுத்திருக்கலாம். ஆனால் இரு தரப்பும் ஒரே வேதத்தை வாசித்து ஒரே தேவனிடம் ஜெபிக்கின்றன என்றார். பிறர் முகத்து வேர்வையில் தன் அப்பத்தைத் தேடுகிறவன் நீதியுள்ள தேவனிடம் உதவி கேட்கத் துணிவது விசித்திரம்தான் என்று அடிமை முறையை மனத்தில் வைத்துக் குத்தினார். குத்திய கையோடு அவர் எடுத்த வசனம் மத்தேயு 7:1, மற்றவர்களைக் குற்றவாளிகளென்று தீர்க்காதிருங்கள் என்பது.