வீட்டிலேயே படிக்கும் பிள்ளைகள்: எதைப் பேசி முடிவெடுப்பது, எதைப் பேசவே வேண்டாம்

பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில் பாதி முடிவுகளை வேன்காரரே எடுத்துவிடுகிறார். ஏழே முக்காலுக்கு ஹாரன் அடித்தால் அதற்குள் குளியல், இட்லி, ஷூ எல்லாம் முடிந்திருக்க வேண்டும். எங்கள் வீட்டுக்கு வேன் வராது. மகளுக்கு 11 வயது, மகனுக்கு 8. இரண்டு பேரும் வீட்டில்தான் படிக்கிறார்கள். ஊர் கோபிச்செட்டிபாளையம். வீட்டுக்காரர் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார், நான் வீட்டில் இருந்தபடியே சில கடைகளுக்குக் கணக்கு எழுதிக் கொடுக்கிறேன். மாமியாரும் எங்களோடுதான்.

வீட்டுக்கல்வி தொடங்கலாமா என்று யோசிப்பவர்கள் என்னிடம் பாடப்புத்தகத்தைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். அது சுலபம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ஒன்றாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை இணையத்தில் இலவசமாகவே கிடைக்கின்றன. அச்சில் வேண்டுமானால் விலைக்கும் வாங்கலாம். ஆளை ஓயவைப்பது வேறு. எத்தனை மணிக்கு எழுப்புவது, டிவி எப்போது, அக்கா தம்பி சண்டையில் நடுவில் போகலாமா, சித்தப்பா குடும்பத்தோடு வந்துவிட்டால் இன்றைக்குப் பாடம் உண்டா இல்லையா என்று நாள் முழுக்கத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலத்துக்குள் தொண்டை கட்டிவிடும்.

என் யோசனை ஒன்றுதான். ஒரே தடவை முடிவு செய்துவிட்டு அதற்குப் பிறகு பேச்சே எடுக்காத விஷயங்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அந்தப் பட்டியல் சின்னதாக இருக்கட்டும், ஆனால் கட்டாயம் இருக்கட்டும். அப்போதுதான் பிள்ளையோடு உட்கார்ந்து நிதானமாகப் பேச வேண்டியவற்றுக்குத் தெம்பு மிஞ்சும்.

பேச்சே இல்லாதவை

எங்கள் வீட்டில் காலை 9 மணியிலிருந்து பதினொன்றரை வரை மேசை. அதற்கு முன் குளியல், சாப்பாடு, படுத்த பாயைச் சுருட்டி வைப்பது. அதற்குப் பின் அவர்கள் பொழுது. இரண்டரை மணி நேரம் போதுமா என்று கேட்பார்கள். வருகைப்பதிவு, வரிசையில் நிற்பது, நாற்பது பேர் நோட்டைத் திருத்தும்வரை காத்திருப்பது என எல்லாவற்றையும் கழித்துப் பாருங்கள். இந்த வயதுக்குத் தாராளமாகப் போதும். மேசையில் என்ன செய்வது என்பதைப் பிள்ளை தேர்ந்தெடுக்கலாம். உட்கார்வதா வேண்டாமா என்பதை மட்டும் தேர்ந்தெடுக்க முடியாது.

ஃபோன் என்னுடையது. "பாடத்துக்காகத்தாம்மா" என்ற வசனத்துக்குப் பதில் இப்படி: பாடத்துக்கான வீடியோவை ஹாலில் டிவியில் போட்டுப் பார்க்கலாம், யாராவது ஒரு பெரியவர் அங்கே இருக்க வேண்டும். கையில் ஃபோன் கிடையாது. இந்த ஒரு விதியாலேயே "பாடத்துக்கான" வீடியோக்கள் மளமளவென்று குறைந்துவிட்டன.

மதியம் 2 முதல் 4 வரை நான் கணக்கு எழுதும் நேரம், அறைக் கதவு சாத்தியிருக்கும். ரத்தம், தீ, கேஸ் சிலிண்டர் இந்த மூன்றுக்கும் மட்டும் தட்டலாம். வீட்டில் இருந்து சம்பாதிக்கிற அம்மாக்கள் இதைக் கூச்சப்படாமல் செய்ய வேண்டும். "எனக்கு போரடிக்குது" என்று வந்து நிற்கும் பிள்ளைக்கு உடனே ஒரு வேலை கண்டுபிடித்துக் கொடுத்தால், அது நாளைக்கும் வந்து நிற்கும்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு மின்சாரம் நிறுத்தும் நாள் எங்களுக்கு நூலக நாள். மின்தடை அறிவிப்பு முதல் நாளே பேப்பரில் வந்துவிடும், தேதியைப் பற்றி வீட்டில் வாக்குவாதம் வராது. ஃபேன் இல்லாத வீட்டில் புழுங்குவதற்குப் பதில் பஸ் ஏறிவிடலாம். பள்ளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இலவச பஸ் பாஸ் நம் பிள்ளைகளுக்குக் கிடைக்காது என்பதைச் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்கள் என்பதால் எனக்கும் மகளுக்கும் இலவசம், மகனுக்கு அரை டிக்கெட். அவன் அதை ஒரு கௌரவமாக நினைத்து, டிக்கெட்டைச் சட்டைப் பையில் பத்திரப்படுத்திக்கொள்கிறான்.

இவ்வளவுதான். எழுதிச் சுவரில் ஒட்டியிருக்கிறோம். இதற்கு மேல் விதி போட்டால் வீடு பள்ளிக்கூடமாகிவிடும். அதற்குப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிவிடலாமே.

கணக்கு வேண்டாம் என்றால்

பேசித் தீர்க்க வேண்டியவற்றில் முதல் இடம் இதற்குத்தான். மகன் வகுத்தல் பக்கத்தைப் பார்த்தாலே வயிற்று வலி என்பான். திட்டியும் பலனில்லை, மிட்டாய்க்கும் மசியவில்லை. "எது பிடிக்கல? எழுதறதா, யோசிக்கறதா?" என்று கேட்டதில், எழுதுவதுதான் என்று தெரிந்தது. சரி, எழுதாமல் செய்வோம் என்று கடைக்கு அனுப்பினேன்.

அன்றைக்கு ஒரு த்ரீ ஃபேஸ் மோட்டார் வந்திருந்தது. வீட்டுக்காரர் எரிந்துபோன பழைய காயிலை எல்லாம் உருவி எடுத்துவிட்டு, வெறும் ஸ்டேட்டரை, அதாவது மோட்டாரின் சுற்றாத வெளிப்பகுதியை, அவன் முன்னால் வைத்து "எத்தனை ஸ்லாட்டுன்னு எண்ணுடா" என்றார். ஸ்லாட் என்பது காயில் உட்காரும் பள்ளம். விரலை உள்ளே விட்டுத் தடவித் தடவி எண்ணினான். வட்டமாக இருப்பதால் எங்கே தொடங்கினோம் என்பது மறந்துவிட, மறுபடி எண்ணினான். அப்புறம் தானாகவே ஒரு ஸ்லாட்டில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டான். 24. "மூணு ஃபேஸுக்கும் சமமாப் பிரிக்கணும், ஆளுக்கு எத்தனை?" சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று நிற ஒயர்த் துண்டுகளை எடுத்து ஸ்லாட்டுகளில் ஒவ்வொன்றாகச் செருகிப் பார்த்து எட்டு என்றான். பக்கத்தில் கிடந்த பெரிய ஸ்டேட்டரில் 36. அதற்கு ஒயர் தேடவில்லை, மனசிலேயே பன்னிரண்டு என்றுவிட்டான். "32 இருந்தா?" என்று கேட்டதும் கொஞ்ச நேரம் முழித்துவிட்டு, "ரெண்டு மிச்சம் நிக்கும்ப்பா, அப்படி மோட்டாரே செய்ய மாட்டாங்க" என்றான். மீதி என்றால் என்ன என்பதை நான் தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

இதைக் கேட்டுவிட்டு எல்லாவற்றையும் இப்படியே கற்றுக்கொடுக்கலாம் என்று கிளம்பிவிடாதீர்கள். நீள வகுத்தலுக்கு நோட்டில் பயிற்சி வேண்டும், அது கொஞ்சம் சலிப்பாகத்தான் இருக்கும். ஒரு நாளைக்கு ஐந்து கணக்கு, அதற்கு மேல் இல்லை என்று அவனோடு பேசி ஒப்பந்தம் செய்துகொண்டேன். பத்து என்று நான் தொடங்கினேன், மூன்று என்று அவன் தொடங்கினான்.

கடைக்கு அனுப்பும்போது இன்னொன்றையும் முடிவு செய்துகொள்ள வேண்டும். தரையில் ஒரு மஞ்சள் கோடு போட்டிருக்கிறோம். மோட்டாருக்குக் கரண்ட் கொடுத்து டெஸ்ட் பண்ணும்போது பிள்ளை கோட்டுக்கு வெளியே. வார்னிஷ் டப்பா பக்கம் எப்போதுமே போகக்கூடாது. எண்ணலாம், எடை போடலாம், இன்சுலேஷன் பேப்பர் வெட்டலாம். வாடிக்கையாளர் கொடுத்த வேலையை அவன் கையில் கொடுப்பதில்லை. குடும்பத் தொழில் வைத்திருக்கிற வீடுகளில் "கத்துக்கறான்" என்பது மெல்ல மெல்ல "ஆள் சம்பளம் மிச்சம்" என்று மாறிவிடும், ஜாக்கிரதை.

பாட்டியும் சொந்தக்காரர்களும்

பாட்டிகளை வாதம் செய்து வெல்ல முடியாது, பொறுப்பு கொடுத்து வெல்லலாம். என் அத்தைக்குக் கண் பார்வை மங்கல். தினமும் காலை சாப்பாட்டுக்குப் பிறகு மகள் பேப்பரைச் சத்தமாக வாசித்துக் காட்டுகிறாள். "ஆத்தா, இது வேண்டாம், சினிமாச் செய்தி படிக்கட்டுமா?" என்றால் விடமாட்டார், தங்கம் விலையைத்தான் முதலில் படிக்கச் சொல்வார். நேற்றைக்கும் இன்றைக்கும் கிராமுக்கு எவ்வளவு வித்தியாசம், அப்போது பவுனுக்கு எவ்வளவு? எட்டால் பெருக்க வேண்டும். அத்தை விரல்விட்டு முன்னாடியே சொல்லிவிடுவார், பேத்தி பிடிக்கப் பார்ப்பாள். "எப்பத்தான் பள்ளிக்கூடத்துல சேர்ப்பே?" என்ற கேள்வி அதற்குப் பிறகு குறைந்துபோனது.

கல்யாண மண்டபம் வேறு மாதிரி. பந்தியில் இலை போட்டவுடனே ஒரு பெரியப்பா "ஸ்கூலுக்குப் போறதில்லையாமா? பதிமூணாம் வாய்ப்பாடு சொல்லு கண்ணு" என்று தொடங்குவார். பள்ளி போகிற பிள்ளைகள் யாருக்கும் பந்தியில் பரீட்சை வைப்பதில்லை, நம் பிள்ளைக்கு மட்டும் வைப்பார்கள். பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள். "சாப்பிடட்டுங்க மாமா, சாவகாசமா வீட்டுக்கு வாங்க, எல்லாம் சொல்லுவா" என்று சிரித்தபடி சொன்னால் முடிந்தது. பிள்ளைக்கு ஒரே ஒரு வரி பழக்கிக் கொடுங்கள்: "வீட்ல படிக்கிறேங்க, ஆறாவது." வீட்டுக்கல்வி ஏன் நல்லது என்று பத்து வயதுப் பிள்ளையை மேடையேற்றிப் பேசவைக்க வேண்டாம்.

நாலரை மணி

தெருப் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் நேரம் நாலரை. அந்த நேரத்தில் இசை வகுப்பு, இந்தி டியூஷன் என்று எதையும் வைக்காதீர்கள். நண்பர்கள் கிடைக்கும் வாய்ப்பு நாளுக்கு ஒருமுறைதான். ஐந்தரைக்கு மேல் அவர்கள் டியூஷனுக்குப் போய்விடுவார்கள்.

பள்ளி செய்துவந்த வேலைகள்

பள்ளிக்கூடம் சத்தமில்லாமல் செய்யும் சில வேலைகள் இனி உங்கள் தலையில். 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டிடி (டெட்டனஸ், டிப்தீரியா) தடுப்பூசி பல இடங்களில் பள்ளியிலேயே போடப்படுகிறது; நீங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போக வேண்டும். குடற்புழு நீக்க மாத்திரையும் அப்படித்தான், பள்ளிக்குப் போகாத பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் கேட்டு வாங்கலாம், 19 வயது வரை கொடுக்கிறார்கள். கண் பரிசோதனையையும் மறந்துவிடாதீர்கள். கரும்பலகை தெரியவில்லை என்று புகார் சொல்ல நம் பிள்ளைக்குக் கரும்பலகையே கிடையாது.

காகிதங்கள்

இதைத் தெளிவாகத் தெரிந்துகொண்டு இறங்குங்கள். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 6 முதல் 14 வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பிள்ளையை அருகிலுள்ள பள்ளியில் சேர்ப்பது பெற்றோரின் கடமை என்று அதன் 10-ஆம் பிரிவு சொல்கிறது. சேர்க்காத பெற்றோருக்குத் தண்டனை எதையும் அந்தச் சட்டம் வைக்கவில்லை. பள்ளி செல்லாப் பிள்ளைகள் கணக்கெடுப்புக்கு ஆசிரியர் பயிற்றுநர்கள் வீடு தேடி வருவதுண்டு. கதவைச் சாத்தாதீர்கள். அவர்கள் தேடுவது செங்கல் சூளையிலும் பட்டறையிலும் கிடக்கும் பிள்ளைகளை, அது மிக அவசியமான வேலை. உட்காரவைத்துக் காபி கொடுத்து நோட்டுகளைக் காட்டுங்கள். அதற்காகவே தேதி போட்டு எழுதும் வழக்கம் எங்கள் வீட்டில் உண்டு.

தேர்வுக்கு இரண்டு வழி. தேசிய திறந்தநிலைப் பள்ளியில் 14 வயது முடிந்தால் பத்தாம் வகுப்புக்குப் பதியலாம். ஐந்து பாடங்கள், பதிவு ஐந்து ஆண்டுகள் செல்லும், பாடங்களைப் பிரித்துப் பிரித்தும் எழுதலாம். மாநில வழியில் என்றால் எட்டாம் வகுப்புத் தேர்வைத் தனித்தேர்வராக எழுத பன்னிரண்டரை வயது நிறைந்திருக்க வேண்டும். பத்தாம் வகுப்புக்குத் தனித்தேர்வராகப் போனால் அறிவியல் செய்முறைக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும். அதற்கான அறிவிப்பு வரும்போதே கவனியுங்கள். எந்த வழியானாலும், பிள்ளை பிற்பாடு சேர நினைக்கும் கல்லூரியிலோ பாலிடெக்னிக்கிலோ அந்தச் சான்றிதழ் செல்லுமா என்று முன்கூட்டியே நேரில் போய்க் கேட்டுவிடுவது நல்லது. பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார் என்பது போதாது. பிறப்புச் சான்றிதழ், ஆதார், சாதிச் சான்றிதழ் மூன்றிலும் பெயரும் தேதியும் ஒன்றாக இருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பள்ளியில் படித்துவிட்டு நின்ற பிள்ளையாக இருந்தால் மாற்றுச் சான்றிதழை வாங்கி வைத்துவிடுங்கள்.

"நானும் ஸ்கூலுக்குப் போறேன்"

இந்தப் பேச்சு எல்லா வீட்டிலும் ஒரு நாள் வரும். வந்தால் அதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம், ஆனால் அந்த நிமிஷமே கிளம்பவும் வேண்டாம். எது வேண்டும் என்று கேளுங்கள். சில பிள்ளைகளுக்குச் சீருடை, சிலருக்கு ஆண்டு விழா, சிலருக்கு ஒரே ஒரு சிநேகிதி. உண்மையிலேயே போக வேண்டுமென்றால் வழி திறந்தே இருக்கிறது: இடையில் சேரும் பிள்ளையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று அதே கல்வி உரிமைச் சட்டத்தின் 4-ஆம் பிரிவு சொல்கிறது. அரசுப் பள்ளித் தலைமையாசிரியர்கள் பலருக்கு இது பழக்கப்பட்ட விஷயம்.

எங்கள் வீட்டில் ஒவ்வொரு ஏப்ரலிலும் இரண்டு பேரையும் உட்காரவைத்துக் கேட்டுவிடுகிறோம், ஜூனில் திடீர் முடிவு வேண்டாமே என்று. இந்த வருஷம் மகள், ஒன்பதாம் வகுப்புக்குப் போய்ப் பார்க்கிறேன், லேப் இருக்கிற பள்ளியாக இருக்க வேண்டும் என்றாள். எழுதி வைத்துக்கொண்டோம். மகன், "போனா சைக்கிள் குடுப்பாங்களா?" என்று கேட்டான். பதினொன்றாம் வகுப்பில்தான் கொடுப்பார்கள் என்றதும் பேச்சை விட்டுவிட்டான்.