திசு கேசட்டில் எண் எழுதுவது எப்படி?

ஹிஸ்டாலஜி லேபில் (உடல் திசுக்களை மைக்ராஸ்கோப்பில் பார்த்து ஆராயும் இடம்) பயிற்சிக்குச் சேர்ந்தவுடன் கையில் கிடைக்கும் முதல் வேலை பெரும்பாலும் இதுதான்: "போய் கேசட்டில் நம்பர் எழுது." எழுதத் தெரிந்த யாரும் செய்யலாம் என்று தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

கேசட் என்பது தீப்பெட்டியைவிடச் சற்றுச் சிறிய பிளாஸ்டிக் பெட்டி. சுற்றிலும் சல்லடை போலத் துளைகள், மேலே ஒரு மூடி, முன்பக்கம் சாய்வாக ஓர் எழுதும் பரப்பு. உடலிலிருந்து எடுத்த திசுத் துண்டு இதற்குள் இருந்தபடியே ஃபார்மலின், ஆல்கஹால், சைலீன், 60 டிகிரியில் உருகிய பாரஃபின் மெழுகு என்று இரவு முழுக்க முக்கி எடுக்கப்படும். மறுநாள் காலையில் அந்தத் துண்டு யாருடையது என்று சொல்ல, நீங்கள் எழுதிய எண்ணை விட்டால் வேறு ஆள் கிடையாது.

முதலில் பென்சில். ஒரு பழைய கேசட்டில் பாதியைப் பால்பாயின்ட் பேனாவாலும் மீதியைப் பென்சிலாலும் எழுதி, முதலில் ஆல்கஹாலிலும் அப்புறம் சைலீனிலும் போட்டுப் பாருங்கள் (ஆவியை வெளியே இழுக்கும் ஃபியூம் ஹுட்டுக்குள் வைத்துத்தான்). பேனா மை கலங்கிக் கரைந்துவிடும். பென்சில் எழுத்து அப்படியே இருக்கும். அதில் இருப்பது கிராஃபைட், அதாவது கார்பன். இந்தத் திரவங்கள் எதிலும் அது கரையாது. சாதாரண மார்க்கர் பேனாவும் ஆல்கஹாலில் தாங்காது. இதற்கென்றே வரும் மார்க்கர் இருந்தால் சரி, இல்லையென்றால் நன்றாகச் சீவிய 2பி பென்சில் போதும். எச்பி கொஞ்சம் மங்கலாக விழும்.

அடுத்து, ஒரு நேரத்தில் ஒரே ஒரு நோயாளி. ரெக்வெஸ்ட் ஃபார்மையும் மாதிரி வந்த டப்பாவையும் பக்கத்தில் வைத்து, பெயர், லேப் எண் இரண்டும் ஒத்துப்போகிறதா என்று வாய்விட்டுப் படியுங்கள். ஒத்துப்போகாவிட்டால் கேசட்டைத் தொடவே வேண்டாம்; டாக்டரிடம் சொல்லுங்கள். நேரம் மிச்சமாகும் என்று காலையிலேயே நாற்பது கேசட்டுக்கு எண் எழுதி அடுக்கி வைப்பவர்கள் உண்டு. எண் மாறிப்போவது அங்கேதான்.

இப்போது எழுதலாம். உதாரணமாக எச் 482/25 ஏ1: எச் என்றால் ஹிஸ்டாலஜி, 2025ஆம் ஆண்டின் 482ஆவது மாதிரி, ஏ என்ற டப்பா, அதிலிருந்து முதல் துண்டு. இரைப்பையின் இரண்டு இடங்களிலிருந்து பயாப்சி தனித்தனி டப்பாக்களில் வந்திருந்தால் ஏ1, பி1 என்று போகும். 1ம் 7ம் ஒன்றுபோலத் தெரியக் கூடாது. 6, 9 இரண்டுக்கும் அடிக்கோடு போடுங்கள், தலைகீழாகப் பார்த்தாலும் குழப்பம் வராது. ஆங்கில ஐ, ஓ எழுத்துகளை நாங்கள் தாண்டிவிடுவோம், ஒன்றும் பூஜ்யமுமாகத் தெரியும் என்பதால். திசுவை வைப்பதற்கு முன்பே எழுதிவிட வேண்டும். ஃபார்மலின் பட்டு ஈரமான பரப்பில் பென்சில் வழுக்கும். தப்பாக எழுதிவிட்டால் அடித்துத் திருத்த வேண்டாம், புதுக் கேசட் எடுங்கள்.

எங்கே எழுதுவது என்பதில்தான் நான் மாட்டிக்கொண்டேன். பயிற்சியின் முதல் வாரம், ஐந்து சின்ன பயாப்சி. சாய்வுப் பரப்பு குறுகலாக இருக்கிறதே என்று, மூடியின் மேல் அழகாகப் பெரிதாக எழுதி வைத்தேன். மறுநாள், திசுவை மெழுகில் பதிக்கும் எம்பெடிங் மேசையில் மூத்த டெக்னீஷியன் அக்கா முதல் கேசட்டைத் திறந்ததும் நிறுத்திவிட்டார். "ஏம்மா, மூடியைக் கழற்றிக் குப்பையில்தானே போடுவோம்? அப்புறம் நம்பர் எங்கே இருக்கும்?"

எம்பெடிங்கில் திசுவை அச்சில் வைத்து மெழுகு ஊற்றி, கேசட்டின் அடிப்பாகத்தை மேலே பொருத்துவார்கள். மெழுகு உறைந்ததும் அந்த அடிப்பாகமே பிளாக்கின், அதாவது திசு பதிந்த மெழுகுக் கட்டியின், முதுகு. அதை மெல்லிய சீவல்களாக வெட்டும் மைக்ரோடோமில் மாட்டுவதும், அலமாரியில் பல ஆண்டுகள் இருப்பதும் அதுதான். ஆகவே எண் அடிப்பாகத்தின் சாய்வுப் பரப்பில் மட்டும். அன்று என்னைக் காப்பாற்றியது உள்ளே போட்டிருந்த காகிதத் துண்டு. அதே எண்ணைப் பென்சிலால் சின்னச் சீட்டில் எழுதித் திசுவோடு சேர்த்து வைப்பது பழைய வழக்கம். கேசட் வருவதற்கு முன் உலோகக் கூடுகளைப் பயன்படுத்திய காலத்தில் அடையாளமே அந்தச் சீட்டுதான். எனக்கு இன்னும் அதில் நம்பிக்கை உண்டு. பிரின்டரில் பார்கோடு அடிக்கும் லேப்களில் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள்; சிரிக்கட்டும்.

திசுத் துண்டு 3, 4 மில்லிமீட்டர் தடிமனுக்கு மேல் போகக் கூடாது. திணித்தால் மூடி சரியாகப் பிடிக்காது. 'டக்' என்று சத்தம் கேட்கும்வரை அழுத்துங்கள். கடுகளவு பயாப்சி என்றால் துளை வழியே நழுவிவிடும், ஃபில்டர் பேப்பரில் மடித்து வையுங்கள். எத்தனை துண்டு வைத்தோம் என்பதை உடனே ரிஜிஸ்டரில் எழுதிவிட வேண்டும். காலையில் அக்கா திறக்கும்போது மூன்றுக்குப் பதில் இரண்டு இருந்தால், எங்கே தேடுவது என்று அந்த ஒரு வரிதான் சொல்லும்.

கடைசியாக, கேசட் கூடையைப் புராசசரில் (இரவு முழுக்கத் திரவங்களில் முக்கி எடுக்கும் இயந்திரம்) ஏற்றுவதற்கு முன் கேசட்டுகளை எண்ணி ரிஜிஸ்டரோடு சரிபாருங்கள். ஒன்று குறைந்தால் திசுவை வெட்டிக் கேசட்டில் வைக்கும் கிராசிங் மேசையின் ஈரத் துணிக்கு அடியில் பாருங்கள். பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.