சின்ன டூ ஸ்ட்ரோக் டர்ட் பைக் ஒப்பிடுறப்ப எல்லாரும் பண்ற தவறுகள்

டர்ட் பைக், அதாவது மண்ணுலயும் காட்டுலயும் ஓட்டுற பைக், வாங்கணும்னு ஆசை வந்தவுடனே ரெண்டு வண்டியோட ஸ்பெக்கை பக்கத்துல பக்கத்துல வச்சு எதுல சிசி ஜாஸ்தி, எதுல பவர் ஜாஸ்தின்னு பாக்க ஆரம்பிச்சிடுறாங்க. ரோட்டு பைக்குக்கு அது ஓரளவு சரி, டூ ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஒரு தடவ ஏறி இறங்குனாலே பவர் குடுக்குற இன்ஜின்) டர்ட் பைக்குக்கு சரிப்பட்டு வராது. யாமஹா ஒய்இசட்125, கேடிஎம் 125 எஸ்எக்ஸ் ரெண்டையும் எடுத்துக்கோங்க, ரெண்டுக்கும் போர் (சிலிண்டர் அகலம்) 54 மிமீ, ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஏறி இறங்குற தூரம்) 54.5 மிமீ, அச்சு அசலா ஒரே அளவு. ஆனா யாமஹால இன்னும் கார்புரேட்டர், கிக்கர் அடிச்சுதான் ஸ்டார்ட் பண்ணணும், முன் வீலைத் தாங்குற சஸ்பென்ஷனான ஃபோர்க்ல ஸ்பிரிங். கேடிஎம் 2023 மாடல்லேர்ந்து ஃபியூயல் இன்ஜெக்‌ஷன், செல்ஃப் ஸ்டார்ட், ஃபோர்க்ல அதுக்கு முன்னாடிலேர்ந்தே ஸ்பிரிங்குக்கு பதிலா காத்து. காத்து ஃபோர்க்னா உங்க வெயிட்டுக்கு ஏத்த மாதிரி பம்ப் வச்சு ஏத்தி இறக்கிக்கலாம், ஆனா வண்டி எடுக்குறதுக்கு முன்னாடி பிரஷர் பாக்குற பழக்கம் இருக்கணும். அந்த பொறுமை இல்லாதவருக்கு ஸ்பிரிங்தான் நிம்மதி. 90 கிலோ ஆளா இருந்தா ஸ்பிரிங்கையே மாத்த வேண்டி வரும், அந்த செலவையும் சேத்துதான் விலையை ஒப்பிடணும்.

பவர் நம்பர் விஷயத்துல இன்னொரு ஏமாத்தம் இருக்கு. 125 டூ ஸ்ட்ரோக் 35 குதிரைக்கு மேல குடுக்கும், உண்மைதான், ஆனா அது பூரா மேல ஆர்பிஎம்லதான், அதாவது இன்ஜின் வேகமா சுத்துறப்பதான். கீழ ஒண்ணுமே இருக்காது, பவர் வால்வ் (எக்ஸாஸ்ட் வாயில இருக்குற கதவு மாதிரி) திறந்ததும் திடீர்னு ஒரு இழுப்பு இழுக்கும், கொஞ்ச நேரத்துல அடுத்த கியர் போட்டாகணும். மோட்டோகிராஸ் (மண் டிராக்ல குதிச்சு ஓட்டுற ரேஸ்) டிராக்ல இது ஜாலி. காட்டுப் பாதைல, கல்லும் வேருமா இருக்குற ஏத்தத்துல கிளட்சை அமுக்கி அமுக்கியே கை மரத்துப் போயிடும். அதனால டிரெயில், அதாவது இந்த மாதிரி காட்டுப் பாதை, ஓட்ட போறவங்க மோட்டோகிராஸ் வண்டியை வாங்கிட்டு "இது என்னப்பா அடிக்கடி ஆஃப் ஆகுது"ன்னு புலம்புறதுல அர்த்தமே இல்ல. அதே யாமஹால ஒய்இசட்125எக்ஸ்னு ஒண்ணு இருக்கு, கம்ப்ரஷன் கொஞ்சம் கம்மி, சஸ்பென்ஷன் சாஃப்ட், பின் வீல் 19க்கு பதிலா 18 இன்ச், சைடு ஸ்டாண்டும் உண்டு. பின் வீல் சின்னதானா டயர் உயரமா வரும், கல்லுல அடி வாங்குறப்ப ரிம் தப்பிக்கும். பேப்பர்ல பாத்தா "பவர் கம்மி"ன்னு இந்த வண்டியை தள்ளிடுவாங்க, டிரெயில்ல இதுதான் ஜெயிக்கும்.

நம்ம ஊர்ல ஷோரூம்லயே கிடைக்குற சின்ன வண்டிக்கு வருவோம். கவாசாகி கேஎக்ஸ்65, கேஎக்ஸ்112 ரெண்டும் 2023ல வந்துச்சு, கேடிஎம் 50, 65, 85 எஸ்எக்ஸ் மூணும் 2024 கடைசில வந்துச்சு. இதுல கேஎக்ஸ்112ஐயும் 85 எஸ்எக்ஸையும் வச்சு "சிசியும் கம்மி, விலையும் ஜாஸ்தி, கேடிஎம் எதுக்கு"ன்னு கேக்குறவங்க நிறைய. 112 கீழேர்ந்தே இழுக்கும், கத்துக்குற பசங்களுக்கு அது பெரிய உதவி. 85 எஸ்எக்ஸ் ரேஸுக்குன்னே பொறந்தது, ஆர்பிஎம்மை விட்டா செத்துடும், பிடிச்சா பறக்கும். ரேஸ் ஓட்டுற ஐடியா இருந்தா கிளாஸ் என்னன்னு முதல்லயே கேட்டுக்கோங்க, 85 சிசி கிளாஸ்ல 112ஐ இறக்க விட மாட்டாங்க. அமெரிக்கால அதுக்குன்னே சூப்பர்மினின்னு தனி கிளாஸ் இருக்கு. 150 சிசி டூ ஸ்ட்ரோக் வாங்குறவங்களுக்கும் இதே கதைதான், ஐரோப்பாவுல இஎம்எக்ஸ்125 (ஐரோப்பிய மோட்டோகிராஸ் போட்டி) மாதிரி 125 கிளாஸ்ல அதுக்கு இடமில்ல.

அடுத்து சைஸ். வளந்துடுவான்னு ஸ்கூல் யூனிஃபார்மை ரெண்டு சைஸ் பெருசா எடுக்குற மாதிரி பைக் எடுக்குறாங்க பாருங்க, அதுதான் ரொம்ப டேஞ்சர். கேஎக்ஸ்65 சீட் உயரம் 760 மிமீ, கேஎக்ஸ்112 870 மிமீ, ஒய்இசட்125 980 மிமீ. நடுவுல எவ்ளோ வித்தியாசம் பாருங்க. கால் ரெண்டும் தரையில முழுசா ஊனணும்னு இல்ல, ஒரு காலோட முன்பாதம் பதிஞ்சு வண்டியை தாங்க முடியணும். மெதுவா போற இடத்துல விழுந்து விழுந்து பயந்த பையன் அப்புறம் த்ராட்டிலே திறக்க மாட்டான்.

ஆயிலுக்கு வரேன், இன்ஜின் நிறைய போறது இதுலதான். ஆர்எக்ஸ்100 ஓட்டுனவங்களுக்கு 2டி ஆயில் (டூ ஸ்ட்ரோக் ஆயில்) தனி டேங்க்ல ஊத்துறதுதான் பழக்கம், பெட்ரோலோட கலக்குறதை பம்ப் பாத்துக்கும். இந்த ரேஸ் வண்டிங்கள்ல பம்ப் கிடையாது, பெட்ரோல்லயே கலந்து ஊத்தணும், மறந்தா பிஸ்டன் ஜாம்தான். யாமஹாவுக்கு 30க்கு 1, அதாவது 5 லிட்டருக்கு 167 மிலி, கவாசாகிக்கு 32க்கு 1, 156 மிலி. கண்ணளவுல ஊத்தாதீங்க, அளவு கப் வாங்கி வச்சுக்கோங்க. "எதுக்கும் இருக்கட்டும்"னு ஆயில் ஜாஸ்தி விட்டா இன்ஜினுக்கு நல்லதுன்னு நினைக்குறாங்க, ஆனா ஆயில் ஏற ஏற அதே ஜெட் (கார்புரேட்டர்ல பெட்ரோல் போற சின்ன துளை) வழியா போற பெட்ரோல் குறையும், மிக்சர் லீன் ஆகி (காத்து ஜாஸ்தி, பெட்ரோல் கம்மி) சூடு ஏறும். இன்னொண்ணு, இப்ப பங்க்ல வர்றது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல், அது ஈரத்தை இழுக்கும். மாசக்கணக்குல நிறுத்துறதா இருந்தா கார்புரேட்டர் பவுலை (அடியில பெட்ரோல் தேங்குற கிண்ணம்) காலி பண்ணிட்டு நிறுத்துங்க.

செகண்ட் ஹேண்ட் பாக்குறப்ப கிலோமீட்டர் கேக்காதீங்க, இதுல மீட்டரே இருக்காது, எத்தனை மணி நேரம் ஓடிருக்கு, பிஸ்டன் எப்ப மாத்துனாங்கன்னு கேளுங்க. பில் காட்ட முடியலன்னா மாத்தலன்னே வச்சுக்கோங்க. ஓனர் ஒத்துக்கிட்டா எக்ஸாஸ்ட் பைப்பை பிடிச்சிருக்குற ஸ்பிரிங்கை கழட்டி பைப்பை எடுத்துட்டு, கிக்கரை கையால மெதுவா அமுக்கி பிஸ்டனை நகத்தி, எக்ஸாஸ்ட் போர்ட் (சிலிண்டர்ல புகை வெளிய வர்ற ஓட்டை) வழியா டார்ச் அடிச்சு பாருங்க, பிஸ்டன் பக்கவாட்டுல மேலேர்ந்து கீழ கோடு கோடா கீறல் தெரிஞ்சா ஏற்கனவே ஒரு தடவ ஜாம் ஆன வண்டி. நீங்க போறதுக்கு முன்னாடியே இன்ஜினை சூடு பண்ணி வச்சிருந்தாங்கன்னா ஆறுற வரைக்கும் உக்காந்து டீ குடிங்க, குளிர்ந்த இன்ஜின் எப்படி ஸ்டார்ட் ஆகுதுங்குறதுதான் முக்கியம். சூடான பிறகும் வெள்ளையா புகை வந்துட்டே இருந்து, கியர் ஆயிலும் அப்பப்ப குறையுதுன்னா கிராங்க் சீல் (கியர் ஆயில் இன்ஜினுக்குள்ள போகாம தடுக்குற ரப்பர் வளையம்) போயிருக்க வாய்ப்பு ஜாஸ்தி, அதுக்கு இன்ஜினைப் பிரிச்சு வேலை பாக்க வேண்டி வரலாம்.

கடைசியா பட்ஜெட். இந்த வண்டிங்களுக்கு லைட்டு கிடையாது, இண்டிகேட்டர் கிடையாது, ஆர்டிஓல ரிஜிஸ்டர் ஆகாது, தெரு முனை வரைக்கும் ஓட்டிட்டு வந்தாலும் தப்புதான். டிராக்குக்கு ஒவ்வொரு தடவையும் குட்டி யானையில ஏத்திட்டுதான் போகணும். அந்த வாடகை, ஹெல்மெட், பூட், நீ கார்டு, வருஷத்துக்கு ஒரு பிஸ்டன் கிட்டு, ரெண்டு டயர் எல்லாத்தையும் கூட்டிட்டு அப்புறம் எந்த வண்டின்னு பேசுங்க, பாதி பேருக்கு அங்கேயே லிஸ்ட் ஒரு வண்டியா சுருங்கிடும்.